மதிப்பீடும் கணக்கும்

தன்னை அறிவது எப்படி என்று யாரைக் கேட்டாலும், கண்ணை மூடி உள்ளே பார் என்றுதான் சொல்கிறார்கள். சார்நிலைக் கருவூலத்தில் காலம் தள்ளிய எனக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எதிரே நிற்பவர் அவர்தானா என்று பார்ப்பது எங்கள் வேலையில் பெரிய பங்கு. அதற்காக ஒருவரையும் நாங்கள் கண்ணை மூடச் சொன்னதில்லை.

தமிழ்நாடு அரசு ஓய்வூதியதாரர்களுக்கு, உயிரோடு இருக்கிறார்களா என்று நேரில் பார்த்து உறுதிசெய்ய, ஆண்டுக்கு ஒருமுறை நேர்காணல் உண்டு. நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பாலும் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை நடக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் எண்பது வயதுக்காரர்கள் மஞ்சள் பைக்குள் ஓய்வூதியப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வந்தவர் உயிரோடு இருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். அவர்தான் அவர் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். போட்டோ, தலையில் முடி இருந்த காலத்தில் எடுத்ததாக இருக்கும். கையெழுத்து நடுங்கி நடுங்கி வேறு யாருடையதோ போல ஆகியிருக்கும். சாலைப் பணியாளராக இருந்தவர்களுக்குப் பெருவிரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கும். கடைசியில் அங்க அடையாளம்தான் கைகொடுக்கும்: 'இடது முன்கையில் ஒரு மச்சம்'. சட்டைக் கையை மடித்துக் காட்டுவார்கள். ஆள் மொத்தமும் மாறியிருந்தாலும் மச்சம் சொன்ன இடத்தில் இருக்கும்.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ அறிஞர் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். 1694இல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில், ஒருவர் அதே ஆளாகத் தொடர்வது உடம்பால் அல்ல, நினைவால்தான் என்று அவர் வாதிட்டார். ஓர் இளவரசனின் நினைவெல்லாம் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடம்புக்குள் போய்விட்டால், அங்கே இருப்பது இளவரசன்தான் என்பார். ஓய்வுபெற்ற பிறகு இதைப் படித்தேன். சரியென்றே பட்டது. அப்புறம் ஒரு தலைமையாசிரியர் ஞாபகத்துக்கு வந்தார்.

அவரை அவர் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். பெயர் கேட்டால் பதில் இல்லை. மனைவியைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டிருந்தார். கைநாட்டு வாங்கலாம் என்று படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, 'ஓய்வூதிய கொடுப்பாணை' என்று அச்சாகியிருந்த இடத்தில் ஒரு 'க்' போட்டார். படிவத்தை என் பக்கம் தள்ளினார், நான் ஏதோ மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. "அவர் அப்படித்தாம்மா" என்றார் மனைவி. லாக்கின் கணக்கில் அந்த மனிதர் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருக்க வேண்டும். எனக்கோ அன்றைக்கு அவரைப் பற்றி ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஒருவர் யார் என்பதற்கு அவர் வாய் சொல்வதைவிட அவர் கை செய்வது நல்ல சாட்சி. வரிசையில் நிற்பவர்களிடம் இதை வருடக்கணக்காகப் பார்த்தவள், என் விஷயத்தில் பார்க்க ஆரம்பித்தது ஓய்வுக்குப் பிறகுதான்.

என் வேலை நான் தேடிப்போனது இல்லை. அப்பா பணியில் இருக்கும்போதே தவறிவிட்டார். கருணை அடிப்படையில் எனக்கு இளநிலை உதவியாளர் பணி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் நான். வீணை கற்க வேண்டும் என்பது சிறுவயதிலிருந்தே ஆசை. அது பில், டோக்கன், செலான் என்று திசைமாறிப் போனது. பல வருடம் என் மனதுக்குள் ஓடிய வசனம் ஒன்றுதான்: இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான் இல்லை, நிஜமான நான் எங்கோ வீணையோடு இருக்கிறேன்.

ஊரே இந்த வசனத்துக்கு ஆதரவாகத்தான் பேசுகிறது. வேலை வேஷம், உள்ளே இருப்பது அசல். சமூகம் நம்மேல் பூசியதைச் சுரண்டினால் அடியில் உண்மையான ஆள் கிடைப்பார் என்ற இந்த நம்பிக்கைக்கு ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் ரூசோ என்ற தத்துவ அறிஞர் பெரிய பலம் கொடுத்தார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சார்த்தர் 1943இல் எழுதியதில் ஒரு காபிக்கடைப் பணியாளர் வருகிறார். நடை கொஞ்சம் மிகையான துல்லியம், குனிவதில் கொஞ்சம் மிகையான அக்கறை. அவர் பணியாளராக நடித்துக்கொண்டிருக்கிறார், தன் சுதந்திரத்தைத் தன்னிடமிருந்தே மறைக்கிறார் என்பது சார்த்தரின் கருத்து. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: சார்த்தர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறார். நாள் முழுக்கத் தட்டு ஏந்துகிறவருக்கு அந்தத் துல்லியம் நடிப்பாகவும் இருக்கலாம், சுகமாகவும் இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே இருந்து பார்த்தாலும் பல நேரம் அப்படித்தான் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது.

58 வயதில் ஓய்வு என்று மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன். 2020 மே மாதம் அரசு அதை 59 ஆக்கியது. 2021இல் 60 ஆனது. இரண்டு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சம்பளத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். வீணை காத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, வீணை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனதில் இத்தனை நிம்மதி எப்படி வந்தது? அப்போது இதைக் கேட்டுக்கொள்ளவே தோன்றவில்லை.

2022இல் ஓய்வு பெற்றேன். மாலையும் சால்வையும் போட்டு அனுப்பிவைத்தார்கள். 'மேடம்' என்ற சொல் அன்றோடு அநேகமாக நின்றது. கொஞ்ச நாள் கழித்து, பார்த்தவர்களெல்லாம் "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்ல வராது. ஒரு தோழி, திருவண்ணாமலைக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வா, எல்லாம் தெளியும் என்றாள்.

போனேன். ரமணர் 1896இல் மதுரையில், பதினாறு வயதில், திடீரென்று வந்த மரண பயத்தை எதிர்கொண்ட விதமும், அந்த வருடமே அருணாசலத்துக்குக் கிளம்பிப் போனதும் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய ஒரு விஷயம். அவரிடம் 'நான் யார்' என்று கேட்டுப் பதில்களை வாங்கி வைத்த சிவப்பிரகாசம் பிள்ளை, தென்னாற்காடு கலெக்டர் அலுவலக வருவாய்த் துறை ஊழியர். 1902இல் அலுவல் காரணமாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், விரூபாட்ச குகையில் இருந்த இளைஞரைப் போய்ப் பார்த்தார். ரமணர் அப்போது பேசுவதில்லை. கேள்விகளுக்கு எழுதித்தான் காட்டினார். அந்தப் பதில்கள் 1923இல் அச்சாயின. நம்ம ஆபீஸ் ஆள் கேட்ட கேள்வி என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

அங்கே உட்கார்ந்தபோது மனம் அமைதியானது உண்மை. ஆனால் ரமணர் காட்டும் விசாரணை, உடம்பு நான் இல்லை, எண்ணம் நான் இல்லை என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சம் நிற்பதைப் பார்ப்பது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவர் கழித்துப்போடும் குவியலைப் பற்றி. எனக்கு எது பிடிக்கிறது, எதில் எரிச்சல் வருகிறது, நாளைக் காலையில் நான் என்ன செய்ய? இந்த இரண்டு கேள்விக்கும் தன்னை அறிதல் என்று ஒரே பெயர் இருப்பதால், இரண்டாவதைத் தேடி வருகிறவர்களையும் முதலாவதற்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரிய கேள்வியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. சின்னக் கேள்விக்கு வேறு வழி தேவைப்பட்டது.

ஊருக்கு வந்து, எல்லோரும் சொல்வதுபோல, எனக்கு என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். எழுத எழுத வீணைதான் வந்தது. குழந்தைப் பருவம், தஞ்சாவூர், மனநிம்மதி, கலை. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

இப்படிக் காரணம் எழுதுவதில் என்ன சிக்கல் என்று உளவியலில் சுவையான ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டது ஒன்று. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சுஅசலாக ஒன்றேதான். வலது ஓரத்து ஜோடியை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள், இடது ஓரத்து ஜோடியை 12 சதவீதம் பேர். காரணம் கேட்டால், வைத்திருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. இடம்தான் காரணமாக இருக்குமோ என்று நேராகவே கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள். (புடவைக்கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கு இதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை.)

இரண்டாவது, அதே வில்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்டது. மாணவர்களிடம் சில போஸ்டர்களைக் காட்டி, பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். மோனே, வான்கோ ஓவியப் பிரதிகளும் இருந்தன, வேடிக்கைப் படங்களும் இருந்தன. ஒரு பகுதியினர் மட்டும், எது ஏன் பிடிக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். எழுதியவர்களில் வேடிக்கைப் படம் எடுத்தவர்கள் அதிகம். சில வாரம் கழித்து விசாரித்தபோது, எழுதாமல் எடுத்தவர்களைவிட எழுதி எடுத்தவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. வார்த்தையில் சுலபமாகச் சொல்ல வருகிற காரணம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. நிஜமான பிடித்தம் பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

என் பக்கங்களை மறுபடி புரட்டினேன். வீணை பற்றிச் சொல்ல எத்தனை அழகான காரணங்கள்! ஒரு பில்லில் கூட்டல் சரியாக வரும் நொடியில் வரும் சந்தோஷத்துக்கு யார் என்ன காரணம் எழுத முடியும்? எழுதினால் யார் பாராட்டுவார்கள்?

ஆகவே 'ஏன்' என்ற கேள்வியைத் தூக்கி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வழிக்கு வந்தேன். அரசு வரவுசெலவில் ஒவ்வொரு இனத்துக்கும் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்று மூன்று உண்டு. வருடம் தொடங்கும்முன் எவ்வளவு ஆகும் என்று நினைத்தோம், நடுவில் எப்படி மாற்றிக்கொண்டோம், கடைசியில் உண்மையில் எவ்வளவு ஆனது. ஒரு நீள நோட்டில் அதேபோல் கோடு போட்டேன். ஒரு காரியத்துக்குப் போகும்முன், எனக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று பத்துக்கு ஒரு மார்க். முடிந்து வந்ததும், அன்றைக்கே, கணக்கு மார்க். ஓரத்தில் ஒரு வரி, நான் என்ன செய்தேன் என்பது மட்டும். என்ன உணர்ந்தேன் என்று எழுத ஆரம்பித்தால் மறுபடி இலக்கியம் வந்துவிடும்.

இரண்டு பதிவை அப்படியே தருகிறேன்.

'வீணை வகுப்பு. மதிப்பீடு 9. கணக்கு 4. இரண்டு முறை கடிகாரம் பார்த்தேன்.'

'எதிர் வீட்டு அம்மாவின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம். மதிப்பீடு 3. கணக்கு 8. காபி ஆறி ஆடை படிந்திருந்தது.'

ஒரு நாள் பதிவை வைத்து எதுவும் முடிவு கட்டக்கூடாது. வீணைக்கு நியாயமாகவே அவகாசம் கொடுத்தேன். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, விரல்நுனியில் தந்தி பதித்த கோடு, அதற்குத் தேங்காய் எண்ணெய், எல்லாம் ஆனது. டீச்சர் பொறுமையானவர். மார்க் ஐந்தைத் தாண்டவில்லை. அதே நோட்டில், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போய்ப் பந்தலில் உட்கார்ந்து கேட்டது மதிப்பீடு 8, கணக்கு 9. வீணை பிடிக்கும் என்று நான் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததில், கேட்பது, வாசிப்பது, வாசிக்கிறவளாக என்னை நினைத்துப் பார்ப்பது என்று மூன்று தனித்தனிச் சாமான்கள் இருந்திருக்கின்றன. இரண்டு எனக்கு உண்மையாகவே பிடித்தவை. வாசிப்பது மட்டும் இல்லை.

இன்னொரு பதிவு வரிசை வேறு வகையில் உதவியது. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று எப்போதும் சொல்வேன். காலைப் பதிவுகளில் அது சரி, எட்டுக்குக் குறையவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மூன்று, இரண்டு. அதனால் நடைப்பயிற்சியைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றினேன். பார்க்கில் நாலு பேர் இருப்பார்கள். ஒன்றும் பெரிய ஞானமில்லை, ஆனால் இரவுச் சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறது. தனக்குள் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சூடு, குளிர், விருப்பு, வெறுப்புதான் அகப்படுகிறதே தவிர 'தான்' அகப்படுவதில்லை என்று 1739இல் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் எழுதினார். தத்துவமாக அது எப்படியோ, நடைமுறைக்கு நல்ல யோசனை. 'நான் தனிமை விரும்பி' என்று ஒரு பட்டம் எழுதி ஒட்டிக்கொள்வதைவிட, எத்தனை மணிக்கு, யாரோடு, சாப்பிட்டபிறகா சாப்பிடும்முன்பா என்று குறித்தால் வேலைக்கு ஆகும்.

அப்படியானால் நான் பிறவிக் கருவூல ஊழியரா என்று என் மகன் கிண்டல் செய்தான். நோட்டு அதைச் சொல்லாது. முதல்நாளே அந்த வேலை பிடித்திருந்ததா, செய்து செய்து பிடித்துப் போனதா என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்துப் பதிவு என்னிடம் இல்லை. இருந்தாலும் அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அப்பாவின் சாவால் வந்த வேலை, நான் கேட்காமல் வந்த வேலை. அதில் வளர்ந்த விருப்பம் என்னுடையதுதான். விதி கொடுத்ததெல்லாம் போலி, ஆசைப்பட்டது மட்டுமே அசல் என்ற பிரிவை நான் விட்டுவிட்டேன். நம்மில் பெரும்பாலோருக்குப் பெயர், ஊர், தாய்மொழி, முதல் வேலை எதுவும் நாம் கேட்டு வந்ததில்லையே.

நோட்டுக்குத் தெரியாத ஒரு பகுதியும் உண்டு. அதற்கு அடுத்தவர் வேண்டும். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் காட்டியது இது: பதற்றம் போன்ற உள்ளே நடப்பவை நமக்குத்தான் நன்றாகத் தெரியும், புத்திசாலித்தனம் போல, நம் பெருமை சம்பந்தப்பட்டவை நண்பர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். என் அனுபவமும் அதேதான். மார்ச் 31 ராத்திரி, கடைசி பில்கள் வந்து குவியும் நேரத்தில், நான் மலை மாதிரி அமைதியாக இருப்பேன் என்று ஆபீசில் நினைத்திருக்கிறார்கள். வயிறு என்ன பாடுபட்டது என்பது எனக்குத்தான் தெரியும். மாறாக, எனக்குக் கோபமே வராது என்று நான் நினைத்திருந்தேன்.

என்கீழ் வேலை பார்த்த ஒருவர், இப்போது அவருக்கு என்னால் ஆக வேண்டியது எதுவுமில்லை, வீட்டுக்கு வந்திருந்தார். நான் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் "உங்கள மாதிரி உண்டா மேடம்" என்றுதான் வரும். அதனால் வேறு மாதிரி கேட்டேன்: நான் இருக்கும்போது நீங்களெல்லாம் எதைத் தள்ளிப்போடுவீர்கள்? கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "கோபம் வந்தா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவீங்க மேடம். அந்தச் சத்தம் கேட்டா அன்னிக்கு யாரும் லீவு லெட்டரோட உள்ள வரமாட்டோம்." பக்கத்தில் நின்ற மகன் தலையை ஆட்டிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டான். பெயரடை கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள் என்பேன். பதிலால் லாபமோ நஷ்டமோ இல்லாத ஆளாகப் பார்த்துக் கேளுங்கள். கேட்டபிறகு அவரோடு வாதாடாதீர்கள். அடுத்த முறை நிஜம் வராது.

நோட்டு தினமும் எழுத வேண்டியதில்லை. புதிதாக ஒன்றில் இறங்கும்போதும், எனக்குத்தான் இது தெரியுமே என்று அலட்சியமாகத் தோன்றும்போதும் எழுதினால் போதும். மதிப்பீட்டை முன்னாலேயே, பேனாவால், எழுதிவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் கறார். வேலை முடிந்தபின் போட்டால், முன்னாடியே நினைத்ததுதான் என்று மனம் எண்ணைத் திருத்திக்கொடுத்துவிடும். ஆபீசிலும் அப்படித் திருத்த வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யுபிஐ செலவுப் பட்டியலை மாதம் ஒருமுறை உருட்டிப் பார்ப்பதும் நல்லது. அது நம்மைத் திருப்திப்படுத்த எழுதப்பட்ட பட்டியல் இல்லை.

அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, "எனக்கு எதில் ஆர்வம்னே தெரியல அத்தை" என்று வந்து உட்கார்ந்தாள். அந்த வயதில் கணக்குப் பத்தி காலியாகத்தான் இருக்கும். அதை உள்ளே தேடி என்ன பயன்? கட்டடக் கலை படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தெரிந்த ஓர் என்ஜினீயரின் கட்டுமான இடத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்றுவிட்டு வரச் சொன்னேன், போகும்முன் ஒரு மார்க் போட்டுவிட்டு. 8 போட்டாள். திரும்பி வந்து 6 என்றாள். வெயிலுக்கு இரண்டு கழித்தாளாம். வரைபடத்தையும் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த நேரத்துக்கு மட்டும் 9. அடுத்த வாரம் வரைபடம் தயாரிக்கும் அறையில் உட்காரப் போகிறாள். நோட்டு வாங்கித் தந்தேன், தொடவில்லை, போனில் குறித்துக்கொள்கிறாளாம். தேதியும் நேரமும் தானாகவே விழுகிறது என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.